பழைய ஜீப்பின் நான்கு சக்கர இழுவை: பழுதறியும் முறை

மதுரைக்குத் தெற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகரைக் கடந்து திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கங்களுக்குச் செல்லச் செல்லக் கரிசல் நிலம் மிகுதியாய்க் காணப்படும். கோடையில் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும் அந்நிலத்து வண்டிப்பாதைகள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான்கு மழை பெய்தவுடன் பசையாகிவிடும். லாரி இறங்கினால் அச்சு மட்டும் புதையும். அக்காலத்தில் எருவும் விதையும் கொண்டுபோகவும், பருத்தியும் மிளகாயும் மேட்டுக்குக் கொண்டுவரவும், குடியானவர்களிற் சிலர் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்புகளையே நம்பியிருக்கிறார்கள். திண்டுக்கல் ஜில்லாவின் சிறுமலையிலும் தாண்டிக்குடிப் பக்கத்திலும் மலைவாழைத்தாரும் காப்பியும் ஏற்றி வருவதும், தேனி ஜில்லாவிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுசெல்வதும் இவ்வகை வண்டிகளேயாம்.

இவ்வண்டிகளின் மூலம் 1941-ம் வருஷ முதல் யுத்தத்திற்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பு. யுத்தம் முடிந்த 1945-ல் அதே கம்பெனி அதனைச் சிறிது மாற்றிப் பண்ணைக்காரர்களுக்கென்றே விற்கத் தொடங்கிற்று. இந்தியாவில் மஹீந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் அதன் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கிப் பின்னர் இங்கேயே செய்யலாயிற்று. எஞ்சின் பலமுறை மாறிய போதிலும், முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் அமைப்பு நெடுங்காலம் பெரிதும் பழைய மாதிரியாகவே இருந்து வந்தது. ஆகவே அவ்வமைப்பை ஒருமுறை நன்கறிந்துகொண்டவர், இன்றும் ஓடுகின்ற பழைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் கோளாற்றைத் தாமே கண்டறியக்கூடும். அறியாவிடில் நேரும் நஷ்டத்திற்கு ஓர் உதாரணம் கூறுவது தகும்.

திருநகரை அடுத்த ஒரு கிராமத்துக் குடியானவரின் ஜீப்பு, மழைக்காலத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஈரமான மலைப்பாதையில் ஏறுகையில் பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று நின்றுவிட்டது. முன் இழுவை லீவர் சரியாகவே விழுந்திருந்தது. பாரத்தை இறக்கி, இரண்டு நாள் கழித்து வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து ஒரு பட்டறையில் விட்டார். அங்கே டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றி, பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும் மாற்றினார்கள். வாழைத்தார் விற்ற பணம் முழுவதும் அதற்கே சென்றது. மறுபடியும் சேற்றில் இறக்கியபொழுது, முன்போலவே பின்சக்கரம் மட்டும் சுழன்றது. கடைசியில் பார்த்தால், வலப்பக்கத்து முன்சக்கரத்தின் ப்ரீவீல் ஹப்பு பூட்டப்படாமல் இருந்தது. அதன் திருகு வறண்ட கிரீஸில் இறுகிப் பாதிவழியில் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெல்லிய கிரீஸ் இட்டதும் வண்டி இழுத்தது. கழற்றிய பற்சக்கரங்களில் குற்றம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பக்கத்து ஹப்பு பூட்டாமலிருந்தால் மற்றப் பக்கத்துச் சக்கரமாவது இழுக்க வேண்டாவோ என்ற கேள்வி எழும். அங்கேதான் அமைப்பைத் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

சக்தி செல்லும் வழி

எஞ்சினின் சக்தி கிளச்சு வழியாகக் கியர்ப் பெட்டியை அடைந்து, அதன் பின்னால் பூட்டியுள்ள டிரான்ஸ்பர் கேஸுக்குச் செல்லுகிறது. அங்கிருந்து பின்னோக்கி ஒன்றும் முன்னோக்கி ஒன்றுமாக இரண்டு புரொப்பெல்லர் சாப்டுகள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியலைச் சுழற்றுகிறது. டிபரன்ஷியல் வலமும் இடமும் உள்ள ஆக்ஸில் சாப்டுகளையும், அவை ஹப்புகள் வழியாகச் சக்கரங்களையும் சுழற்றுகின்றன. முன் அச்சில் மட்டும், சக்கரம் திரும்ப வேண்டியிருத்தலால், சாப்டின் வெளிமுனையருகே மடங்கிச் சுழலும் மூட்டு ஒன்று உண்டு.

டிபரன்ஷியலின் குணத்தை மறவாதிருத்தல் வேண்டும். இரு பக்கங்களில் எது இலகுவாய்ச் சுழல்கிறதோ அந்தப் பக்கத்திற்கே அது சுழற்சியை விட்டுவிடும். கவலை இறைக்கும் மாடுகளில் ஒன்று நுகத்தைவிட்டு விலகினால் மற்றொன்றும் இழுக்க இயலாததைப்போல, ஒரு பக்கத்து ஹப்பு பூட்டப்படாமலோ ஒரு சாப்டு முறிந்தோ இருந்தால் அந்தப் பக்கமே வீணாய்ச் சுழலும். மற்றப் பக்கத்துச் சக்கரம் அசையாது. எனவே முன் அச்சில் ஒரு பக்கத்துக் குறை இரு பக்கத்துக் குறையேயாகும்.

பழுதில்லாத வண்டியும் இதனாலேயே சில சமயம் நின்றுவிடுகிறது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் சேற்றிலோ பள்ளத்திலோ பிடிப்பற்றிருந்தால் அவ்விரண்டுமே சுழலும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும். நான்கு சக்கர இழுவை என்ற பெயரைக் கேட்டு, நான்கும் எப்பொழுதும் இழுக்குமென்று எண்ணுவோர் இதைப் பழுதென்று கருதிப் பட்டறைக்கு ஓடுகிறார்கள். முன்சக்கரம் ஒன்றாவது தானே சுழல்கிறதெனில் முன் இழுவை வேலை செய்கிறது என்பதே பொருள். சுழலும் சக்கரங்களின் அடியில் பனைமட்டையோ விளாரோ கல்லோ இட்டுப் பிடிப்பு உண்டாக்குவதே அப்போது செய்யத்தக்கது.

பழுதென்று எண்ணப்படும் மற்றொரு சங்கதியும் உண்டு. சேற்றிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியபின் முன் இழுவை லீவர் வெளியே வர மறுக்கும். இவ்வமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் டிபரன்ஷியல் கிடையாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் செல்ல வேண்டும். சாப்டுகளோ இரண்டும் ஒரே வேகத்தில் கட்டுண்டு சுழல்கின்றன. சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டிச் சாலையில் வழுக்க இயலாமையால் சாப்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி, லீவர் இறுகிக்கொள்ளுகிறது. லீவரைச் சுத்தியால் தட்டுவது பெருந்தவறு. கிளச்சை மிதித்து, ரிவர்ஸ் கியரில் நேராகச் சில அடி தூரம் பின்னே சென்றால் முறுக்கு அவிழ்ந்து, லீவர் ஒரு விரலுக்கு வரும். கெட்டிச் சாலையில் முன் இழுவையுடன் ஓட்டுவது கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பரிசோதிக்கும் முறை

லீவர் விழுந்தும் முன்சக்கரம் இழுக்காத வண்டியில், எதையும் கழற்றுவதற்குமுன் கீழ்க்கண்ட சோதனையைச் செய்தல் வேண்டும். ஒரு ஜாக்கியும், நான்கு அண்டைக்கற்களும், ஒரு சாக்கட்டியும், உதவிக்கு ஓர் ஆளும் இருந்தாற் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, முதற் கியரில் போட்டு, முன் இழுவை லீவரையும் போடவேண்டும். ப்ரீவீல் ஹப்பு உள்ள வண்டியானால் இரண்டையும் பூட்டுக. பின்பு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். பழுதில்லாத வண்டியில் அச்சக்கரம் சிறிது ஆடி நின்றுவிடும். அது தாராளமாய்ச் சுழன்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. அப்போது உதவியாள் வண்டியின் அடியில் நோக்கி, முன் புரொப்பெல்லர் சாப்டு சக்கரத்துடன் கூடச் சுழல்கிறதா என்று சொல்லவேண்டும். அவர் தலையை வண்டியின் பாரத்திற்குக் கீழே நீட்டாமல், பக்கத்திலிருந்தே பார்க்கட்டும்.

சாப்டும் கூடச் சுழன்றால் அச்சிலும் ஹப்பிலும் குற்றமில்லை. டிரான்ஸ்பர் கேஸினுள் முன் இழுவை பொருந்தவில்லை என்று கொள்ளலாம். லீவர் முழுதும் சென்று விழுகிறதா, தரைத்தகடோ ரப்பர் விரிப்போ அதைத் தடுக்கிறதா, லீவரின் அடிப்பின் தேய்ந்து பாதிவழியே தள்ளுகிறதா என்பவற்றை முதலில் பார்த்துக்கொண்டு, அதன்பின்னரே பெட்டியைத் திறக்க எண்ணவேண்டும்.

சக்கரம் சுழன்று சாப்டு அசையாமலிருந்தால் குற்றம் முன் அச்சில் இருக்கிறது. தூக்கிய பக்கத்திலேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. மேலே சொன்னபடி, தரையில் நிற்கும் பக்கத்துச் சாப்டு அறுந்திருந்தாலும் தூக்கிய சக்கரம் தாராளமாய்ச் சுழலும். ஆகவே அடுத்தபடியாக, அச்சுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து இரு முன்சக்கரங்களையும் தூக்கி, ஒன்றை முன்னோக்கிச் சுழற்றினால் மற்றொன்று பின்னோக்கிச் சுழலவேண்டும். சுழலாவிடில் ஹப்புகளின் மூடியைக் கழற்றிப் பார்க்க. சக்கரத்தைத் திருப்பும்போது நடுவிலுள்ள சாப்டின் முனையும் அதனுடன் திரும்பினால் அந்த ஹப்பு சரி. சக்கரம் திரும்ப, முனை நின்றால் கோளாறு அந்த ஹப்பிலேயே. இரு பக்கமும் முனைகள் சரியாய்த் திரும்பியும் எதிர்ச்சக்கரம் அசையவில்லையானால், உள்ளே ஒரு சாப்டோ, மடங்கும் மூட்டோ, டிபரன்ஷியலோ முறிந்திருக்கும். அது பட்டறை வேலை. மேற்கூறிய சோதனை முழுவதற்கும் அரைமணி நேரத்திற்கு மேற்படாது. மேலே குறித்த குடியானவரின் வண்டி முதற் சோதனையிலேயே தன் குறையைச் சொல்லியிருக்கும்.

பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் லீவருக்குப் பதில் பொத்தானும் சிறு மின்மோட்டாரும், ஹப்பைப் பூட்ட வெற்றிடக் குழாய்களும் வந்துள்ளன. அவற்றில் பற்சக்கரத்தைச் சந்தேகிக்குமுன் பியூஸ், பாட்டரி, எர்த்துக் கம்பி, குழாய் வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நலம். எலி கடித்த குழாயினால் நின்றுபோகும் இழுவையும் உண்டு.

சத்தத்தைக் கொண்டு அறிதல்

முழுதும் நின்றுபோவதற்குமுன் பெரும்பாலும் வண்டி சத்தத்தால் எச்சரிக்கும். முன் இழுவையுடன் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது மட்டும் டக் டக்கென்று கேட்டால் முன்சக்கரத்து மடங்கு மூட்டு தேய்ந்திருக்கிறது. கிளச்சை விடும்போதெல்லாம் ஒரு அடி விழுவதுபோலிருந்தால் புரொப்பெல்லர் சாப்டின் கிராஸ் மூட்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பார்க்கவேண்டும். வேகம் ஏற ஏற வண்டி நடுங்கினால், சமீபத்தில் யாரேனும் அந்தச் சாப்டைக் கழற்றினார்களா என்று விசாரிக்க. சாப்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். நடுவில் வழுக்கும் பகுதியை உருவி ஒரு பல் தப்பிப் பூட்டினால் நடுக்கம் வரும். புதுக் கிராஸ் வாங்கிப் போட்டும் தீராத நடுக்கங்களிற் பல இந்தத் தப்பினால் வந்தவையே.

லோ கியர் தானே கழலுதல்

இது மற்றெல்லாவற்றையும்விட அபாயகரமானது. மலையிறக்கத்தில் பாரத்துடன் லோ கியரில் எஞ்சினின் பிடிப்பை நம்பி இறங்கும்போது, டிரான்ஸ்பர் கேஸ் லீவர் தானே கழன்று நடுநிலைக்கு வந்துவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே அற்றுப்போகும். எந்தக் கியரில் இருந்தாலும் பயனில்லை. வண்டி தன் போக்கில் ஓடத் தொடங்கும். ஒருமுறை இவ்வாறு கழன்ற வண்டியை, லீவரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மறுபடி மலையில் இறக்குவது வழக்கமாயிருக்கிறது. உள்ளே பற்களின் முனை தேய்ந்திருந்தால் கயிறு தாங்காது.

கழலுவதற்குக் காரணம் பலவாகலாம். லீவரின் தண்டை இடத்தில் நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். இது எளிதில் மாற்றக்கூடியது. எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் எண்ணெயில் ஊறிச் சிதைந்து, பாரம் ஏறும்போது பெட்டி முழுவதும் அசைந்து லீவரைத் தரைத்தகட்டில் மோதச் செய்யலாம். பற்களும் பேரிங்குகளும் தேய்ந்திருக்கலாம். முதலிரண்டையும் சரிசெய்தும் கழன்றால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். அதுவரை அவ்வண்டி சமவெளியில் உழைக்கட்டும்.

ஓட்டுவோர் பழக்கமும் பற்களைத் தேய்க்கிறது. ஹையிலிருந்து லோவுக்கு மாற்றும்போது வண்டி நின்றிருக்கவேண்டும். அன்றியும் இப்பழைய அமைப்பில் முன் இழுவையைப் போட்ட பின்னரே லோ விழும். பின் அச்சு மட்டும் அத்தனை முறுக்கையும் தாங்கி முறியாதிருக்கவே அவ்வாறு செய்திருக்கிறார்கள். விழவில்லையென்று பலவந்தம் செய்வோர் இதனை அறியாதவர்கள்.

கைப்பிரேக்கைப்பற்றி ஓர் எச்சரிக்கை

பழைய வில்லிஸ் அமைப்பில் கைப்பிரேக்கு சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், பின் புரொப்பெல்லர் சாப்டின் தலைப்பில் இருக்கிறது. அது சாப்டையே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியவுடன் டிபரன்ஷியலின் குணத்தால் தரையிலுள்ள சக்கரம் ஒரு பக்கமும் தூக்கியது மறுபக்கமும் சுழலக்கூடும். கைப்பிரேக்கு இறுகப் பிடித்திருக்கும்போதே வண்டி நழுவி ஜாக்கியிலிருந்து விழும். சரிவில் டயர் மாற்றும்போது அண்டைக்கல் இல்லாமல் இந்த வண்டியைத் தூக்கவே கூடாது. பின் ஆக்ஸில் சாப்டு முறிந்து, முன் இழுவையால் மட்டும் வீடு வந்துசேரும் வண்டியிலும் இதே அபாயம் உண்டு: நிறுத்திவிட்டு முன் இழுவை லீவரைக் கழற்றினால், கைப்பிரேக்குக்கும் தரைக்கும் சம்பந்தமே இராது. அன்றியும் சில மாதிரிகளில் பின்சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஆக்ஸில் சாப்டுதான். அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடும். ஆகவே முறிந்த இடம் தெரியாமல் வண்டியை நகர்த்துதல் தகாது. அவ்வகை அச்சில் ஹப்பைப் பிடிக்கும் நட்டு தளர்ந்து, உள்ளேயுள்ள சாவித்துண்டு அறுபட்டால், சாப்டு முறிந்தது போலவே தோன்றும். நட்டைப் பார்த்துவிட்டுச் சாப்டு வாங்கச் செல்க.

டிரான்ஸ்பர் கேஸின் பின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே இந்தக் கைப்பிரேக்குக்குள் இறங்கும். கைப்பிரேக்கு வழுக்குகிறதென்று முடுக்கிக்கொண்டே போவதைவிடச் சீலை மாற்றுவது நன்று. இன்னொரு கசிவு கண்ணுக்குத் தெரியாதது: கியர்ப் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால் முன்னதின் எண்ணெய் பின்னதில் சேர்ந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் விழாமலே கியர்ப் பெட்டி வறண்டுபோகும். மாதம் ஒருமுறை இரண்டின் அடைப்புத் திருகுகளையும் கழற்றிப் பார்த்தால், ஒன்றில் குறைந்தும் மற்றொன்றில் வழிந்தும் இருப்பது தெரியும்.

கழிவுக்கடைச் சாமான்கள்

பழைய வண்டிகளுக்குப் பாகங்கள் பெரும்பாலும் கழிவு வண்டிகளிலிருந்தே வருகின்றன. அவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. யுத்தகால ஜீப்பின் அச்சில் பினியனுக்கு 8 பல்லும் கிரவுன் வீலுக்கு 39 பல்லும் இருந்தன. பின்னர்ப் பண்ணைக்காரருக்கென வந்தவற்றில் 8-ம் 43-ம். வெளியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னே ஒன்றும் பின்னே மற்றொன்றுமாகப் பூட்டிவிட்டால், சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. முன் இழுவையைப் போட்டவுடன் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று போராடி, டயரைத் தின்று, கடைசியில் டிரான்ஸ்பர் கேஸை உடைக்கும்.

வாங்குமுன் கடையிலேயே அச்சின் மூடியைத் திறந்து பல் எண்ணலாம். வண்டியில் பூட்டியிருப்பதை அறிய, நான்கு பக்கமும் கல் வைத்து, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, அதைப் பத்துச் சுற்று சுற்றி, புரொப்பெல்லர் சாப்டில் சாக்கட்டியால் இட்ட குறி எத்தனை முறை வருகிறதென்று எண்ணவேண்டும். 43 பல்லானால் ஏறக்குறைய 27 சுற்றும், 39 பல்லானால் 24 சுற்றுக்குச் சற்று மேலும் வரும். முன் அச்சைச் சோதிக்கும்போது ஹப்புகளைப் பூட்டி, முன் இழுவை லீவரைக் கழற்றியிருத்தல் வேண்டும். பின் அச்சானால் டிரான்ஸ்பர் கேஸை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கையும் தளர்த்த வேண்டியிருத்தலால், வண்டியைப் பிடித்திருப்பது கற்கள் மட்டுமே என்பது நினைவிலிருக்கட்டும்.

டயரும் அவ்வாறே. முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு 220 சென்டிமீட்டரும், தேய்ந்த பின்சக்கரம் 215 சென்டிமீட்டரும் செல்வதாக வைத்துக்கொண்டால், 220 மீட்டர் தூரத்திற்கு முன்னது 100 சுற்றும் பின்னது 102-க்கு மேலும் சுற்றவேண்டும். சாப்டுகள் அதற்கு இடங்கொடா. புது டயர் இரண்டை முன்னாலும் மொட்டை டயர் இரண்டைப் பின்னாலும் போட்டுவிட்டு லீவர் இறுகுகிறதென்று முறையிடுவதிற் பயனில்லை. காற்றும் நான்கிலும் புஸ்தகத்தில் கண்டபடி இருத்தல் வேண்டும். வைகை மணலில் இறங்கக் காற்றைக் குறைத்தவர், சாலைக்கு ஏறியதும் அடித்துக்கொள்க.

மழைக்கு முன்

புரட்டாசி மாதத்திலேயே செய்துகொள்ள வேண்டிய சில உள. இரண்டு அச்சுகளின் மேலும் சிறு மூச்சுத் துவாரம் ஒன்று உண்டு. சேறு அதை அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடேறிய காற்று வெளியேற வழியின்றிச் சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளும். அந்தச் சூட்டோடு வாய்க்காலில் இறங்கும்போது உள்ளே குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சும். முன் அச்சில் தள்ளப்பட்ட எண்ணெய் மூட்டுக்கூட்டைக் கடந்து பிரேக் டிரம்முக்குள் சென்று, வண்டி பிரேக்கில் ஒரு பக்கமாய் இழுக்கும். ஊசியால் துவாரத்தைக் குத்திவிடுவதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

அச்சுகளின் அடித்திருகைச் சிறிது தளர்த்தி எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கவேண்டும். பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுதும் வடித்து, மண்ணெண்ணெயால் அலசி, 90-ம் நம்பர்க் கியர் எண்ணெய் புதிதாய் ஊற்றவேண்டும். எண்ணெயில் பித்தளை நிறத் தூளோ இரும்புத் துண்டோ கண்டால் அந்தப் பெட்டியை மழைக்குமுன் திறந்துவிடுவது நலம். கார்த்திகையில் கொத்தனும் கிடைப்பான், மெக்கானிக்கு கிடைக்கமாட்டார்.

ப்ரீவீல் ஹப்பு உள்ளவர்கள் கோடை முழுவதும் அதைத் திறந்தே வைத்திருப்பது சகஜம். அதனால் முன் அச்சின் உட்பாகங்கள் மாதக்கணக்கில் எண்ணெய் படாமல் நிற்கின்றன. மாதம் ஒருமுறை இரண்டு ஹப்புகளையும் பூட்டி, முன் இழுவை லீவரைப் போடாமலே, வயலுக்கும் வீட்டுக்குமாகச் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து திறந்துவிடவேண்டும். திறக்கும்போது திருகு இரு பக்கமும் குறிவரை முழுதும் சென்று நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். விரலுக்கு இலேசாய் வராத திருகைக் குறடால் திருப்பினால் அதன் பல் உடையும். கழற்றிக் கழுவி, கட்டிக் கிரீஸை அப்பாமல் மெல்லிதாய்த் தடவிப் பூட்டுக.